வினோலியாவின் சிவப்புக் கிடார்

முதலில் வந்தது அந்தச் சிரிப்பு. கிடார் அதற்கு அப்புறம்தான் பரணிலிருந்து இறங்கியது. தவசிங் மனசுக்குள் எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் வரிசை இதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் வினோலியா அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது. ஒளித்துப் பேசியிருந்தால் தேவலை, பிடித்து இழுக்க ஒரு நுனியாவது கிடைத்திருக்கும். "வினோ, அந்தச் சிவப்புக் கிடாரு இருக்கா, இல்ல பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டியா?" என்றான் பஹ்ரைனிலிருந்து லீவில் வந்திருக்கும் ரெஜினால்டு. அவள் சிரித்தாள். கூடத்தில் ஒரு ஆம்பிளிஃபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த தவசிங்குக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இப்படி ஒரு சிரிப்பு இந்த வீட்டுக்குள் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. அவனிடம் சிரிப்பது வேறு, அது வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிப்பது. பிள்ளைகளிடம் சிரிப்பது வேறு. இது தொண்டைக்குக் கீழேயிருந்து வந்து, பாதியில் உடைந்து, முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொரு தடவை கிளம்புகிற சிரிப்பு. அதோடு போயிற்றா, அந்த 'வினோ' வேறு. கல்யாணம் ஆன புதிதில் குற்றாலம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவளை வினோலியா என்று முழுசாகக் கூப்பிட வாய் கூசி, வினோ என்றான். அவள் சட்டென்று திரும்பினாள். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவன் தான்தான் என்று பன்னிரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். இப்போதுதானே தெரிகிறது, அவள் அன்றைக்குத் திரும்பியது பழகின பெயருக்கு. பழகின குரலோ என்றுகூடத் திரும்பியிருக்கலாம். திரும்பினபோது முகத்தில் என்ன இருந்தது? யோசித்து யோசித்துப் பார்க்கிறான், ஜன்னல் வெளிச்சம்தான் ஞாபகம் வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது.

இன்றைக்குச் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு ஓய்ந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் சித்தி வீட்டில். நாளைக்கு வேதக்கோயிலில் அசனம், சபையார் அத்தனை பேரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. அதற்கு இன்றைக்கே பெண்கள் கூடி மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்பார்கள், கத்தரிக்காய் வெட்டுவார்கள். வினோலியாவும் அரிவாள்மணையைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். காய் வெட்டுகிற இடத்தில் ஆண்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், பந்தல் போடுகிறேன், அண்டா கழுவுகிறேன் என்று அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ரெஜியும் அங்கேதான் இருப்பான். சென்ட் அடித்துக்கொண்டு அண்டா கழுவுவான். நாளைச் சாயங்காலம் பழைய வாலிபர் சங்கத்து இசைக்குழு மறுபடி ஒரே ஒரு தடவை மேடை ஏறப்போகிறது. கல்யாணத்துக்கு முந்தி அதில் இவள் கிடார் வாசித்தாள், அவன் பக்கத்தில் நின்று இன்னொரு கிடார் வாசித்தான். மேடைக்கு மைக் செட் போடுவது யார்? தவசிங் சவுண்ட் சர்வீஸ். இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக நின்று வாசிப்பதை ஊருக்கெல்லாம் கேட்கும்படி பெரிசாக்கித் தருகிற வேலை இவனுக்கு. பரணில் வெங்காயச் சாக்குக்குப் பின்னால் கிடந்ததைத் தூக்கிவந்து பழுதுபார்க்கிற வேலையும் இவனுக்கே. "அத்தான், உங்களால முடியும்லா? எல்லாம் வயருதான," என்றாள். வயருதான எல்லாம். அதைக் கேட்டபோது நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு பெருமைகூட வந்தது, அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து, அதன்மேல் கிடாரை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தான். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் ஆறிவிடக் கூடாதென்று ஃபேனை நிறுத்தியதால் வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்று அந்தச் சிவப்புப் பெயிண்டில் சொட்டியது. சொட்டின இடத்தைத் துடைத்தால் உள்ளேயிருந்து வேறொரு சிவப்பு எழுந்துவந்தது, பளிச்சென்று, அன்றைக்குத்தான் வாங்கின மாதிரி. யாருக்காக இப்படிப் பளபளக்கிறாய் என்று கேட்கத் தோன்றிற்று. துருப்பிடித்த பழைய கம்பிகளை வெட்டி எடுத்தாயிற்று. ஒரு கம்பி வெட்டும்போது துள்ளிக் கையைக் கீறிவிட்டது, கீறட்டும். கழுத்துக் கட்டையில் வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை ஸ்டீல் பஞ்சால் தேய்த்துக்கொண்டே போனான். பச்சைக் களிம்பு கறுப்பாகி, கறுப்பு வெள்ளையாகி, அப்போதுதான் பார்த்தான், பட்டைகளில் பள்ளம். கம்பி அழுந்தி அழுந்தி விழுந்த பள்ளம். மேலே முதல் நாலைந்து பட்டைகளில்தான் ஆழம், கீழே போகப்போக ஒன்றுமில்லை. தனியாக வாசிக்கிற விரலென்றால் கீழேவரை ஓடியிருக்கும், கிடார் வாசிக்கத் தெரியாதவனுக்கும் இது புரியும். இவள் முன்னால் வந்து தனியாக வாசித்தவள் இல்லை, ஒருத்தன் வாசிக்க, ஒருத்தன் பாட, பின்னாலிருந்து தாங்கிக்கொடுத்தவள். உலோகமே தேய்கிற அளவுக்கு ஒருத்தனைத் தாங்கியிருக்கிறாள். கழுத்தின் பின்பக்கம் கட்டைவிரல் உரசின இடத்தில் பாலிஷ் போய் மரம் வழவழவென்று கிடந்தது. அதில் அவன் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது. பொருந்தியதா, அப்படியானால் இது ஆண் விரலின் தேய்மானம் அல்லவா? அவள் விரல் எவ்வளவு சின்னது. ரெஜி கொஞ்ச நாள் வாங்கி வாசித்திருப்பானோ, வீட்டுக்கே எடுத்துப்போயிருப்பானோ, மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க. தன் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான், இந்தத் தடவை அவ்வளவு பொருந்தவில்லை. மூன்றாவது தடவை வைக்கப் பயந்து வேறு வேலை பார்க்கப் போனான்.

வியாழக்கிழமை ராத்திரியே அவள் கம்பி அழுத்துகிற இடதுகை நகங்களை மட்டும் ஒட்ட வெட்டிவிட்டாள். வலதுகையில் போன மாதம் மச்சினி கல்யாணத்துக்குப் போட்ட நகப்பூச்சு அப்படியே இருக்கிறது. ஒரு கை குடும்பத்துக்கு, ஒரு கை மேடைக்கு. சோறு போடும்போது இடதுகையால் கரண்டியைப் பிடித்திருந்தாள், அந்த மொட்டை விரல்களைப் பார்த்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிட்டதென்னவோ சாப்பிட்டான், இரண்டாம் தடவை ரசம்கூட வாங்கினான், இறங்கவில்லை என்பது உள்ளுக்குள். முன்பக்கத்து வெள்ளைத் தகட்டின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தகட்டைத் தூக்கினபோது உள்ளே செத்துக் காய்ந்த கரப்பான் ஒன்றும், தூசும், மூன்று மூலையாக வெட்டின நீல பிளாஸ்டிக் துண்டு ஒன்றும் கிடந்தன. சோப்பு டப்பா மூடியில் வெட்டியது. கம்பி மீட்டுகிறதுக்குக் கடையில் விற்பார்களே, அது வாங்கக் காசில்லாத பிள்ளைகள் இப்படி வெட்டிக்கொள்வார்கள். சும்மா வெட்டிப்போட்டிருந்தால் விட்டிருப்பான். இதன் ஓரத்தை யாரோ தேய்த்திருந்தார்கள், சிமெண்டுத் தரையில் வைத்து, அவசரமில்லாமல், விரலில் குத்தாதபடிக்கு மூன்று பக்கமும் ஒரே வளைவாக. இவ்வளவு பொறுமை வினோலியாவுக்குக் கிடையாது. தேங்காய் துருவும்போது கடைசிக் கால் மூடியை அப்படியே போட்டுவிடுகிறவள். ஆக இது அவளுக்காக வேறொருத்தர் உட்கார்ந்து தேய்த்தது. ஒரு கோயில் படி, ஒரு சாயங்காலம், சர்ர் சர்ர் என்று தேய்க்கிற சத்தம், ஊதிப் பொடி தட்டி, 'இந்தா வினோ.' கண்ணால் பார்த்த மாதிரியே தெரிந்தது. அவளுக்கென்று தான் எதையாவது இப்படி உட்கார்ந்து தேய்த்திருக்கிறோமா? மிக்ஸி ரிப்பேர் பண்ணியிருக்கிறான். இஸ்திரிப் பெட்டிக்கு வயர் மாற்றியிருக்கிறான். சேதி சொல்லுமா ஒரு இஸ்திரிப் பெட்டி? அந்த நீலத் துண்டைச் சட்டைப்பைக்குள் போட்டான், எடுத்தான், ஜன்னல் வழியாக எறியக் கையை ஓங்கினான், எறிந்தால் தேடுவாளோ என்று பயம், தேடாமலிருந்தால் அது அதைவிடப் பயம். மறுபடி பைக்குள் போட்டான்.

அப்புறம் மீட்டரை எடுத்துப் பிக்கப்பில் வைத்துப் பார்த்தான். பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தக் கட்டை, அதைச் சுற்றித் தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கில் ஓடும், மேலே கிடார்க் கம்பியின் நடுக்கத்தைப் பிடிப்பது அதுதான். இத்தனை வருஷ வெயிலிலும் வெங்காய ஆவியிலும் அது அறுந்திருக்கும், அறுந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, 'போயிட்டு வினோ, நான் என்ன செய்ய' என்று சொல்லிவிடலாம், முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளலாம். முள் நகர்ந்தது. நல்ல உயிரோடு இருந்தது. மேலே எதுவுமே நடக்காத மாதிரி இருந்துகொண்டு, அடியில் மட்டும் அறுபடாமல். தவசிங் மீட்டரை மேசையில் வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். வால்யூம் குமிழுக்குள் ஸ்ப்ரே அடித்து முன்னும் பின்னும் திருகினான், சொரசொரப்புப் போனது. முறுக்காணிகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டான், இறுகிக் கிடந்ததெல்லாம் இளகிக்கொண்டது. கை தன்பாட்டுக்கு நல்ல வேலை செய்கிறது, அதற்கு மனசைப் பற்றிக் கவலையில்லை. புதுக் கம்பிக் கட்டைப் பிரித்தபோதுதான் எது மேலே எது கீழே என்று சந்தேகம் வந்தது. யூடியூபில் பார்த்திருக்கலாம். அவளுக்கு ஃபோன் அடித்தான்.

நாலைந்து தடவை அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் பெண்களின் சத்தம், அண்டா உருட்டுகிற சத்தம். "என்ன அத்தான்? கையெல்லாம் வெங்காயம், சட்டுனு சொல்லுங்க."

"இல்ல, கம்பி எது மேல வரணும்?"

"தடிச்சது மேல. அங்கேருந்து சன்னம் சன்னமா கீழ வரும்."

அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல். "யாரு, தவசிங் அண்ணாச்சியா? அண்ணாச்சி! நோயாளி பிழைச்சுக்கிடுமா, இல்ல பாதிரியாருக்குச் சொல்லிவிடணுமா?"

பெண்களெல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக் கும்பலுக்குள் அவள் சிரிப்பு இருக்கிறதா என்று தவசிங் காதைக் கூர்மையாக்கினான். ஆம்பிளிஃபயரில் ஆயிரம் இரைச்சலுக்குள் ஒரு இரைச்சலைத் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுகிற காது அவனுடையது, இப்போது உதவவில்லை. "பிழைச்சுக்கிடும்," என்றான். "அண்ணாச்சி கை வச்சா பிழைக்காம போகுமா!" என்றது அந்தக் குரல். ஃபோன் அணைந்தது. அண்ணாச்சியாம். ரெஜியைவிட இவன் இரண்டு வயசு சின்னவன். அவனுக்கு இன்னும் முன் மயிர் நெற்றியில் விழுகிறது, இவனுக்கு வயிறு மேசையில் இடிக்கிறது, அதனால் இவன் அண்ணாச்சி. அவள் திருத்தியிருக்கலாம் அல்லவா, 'அவுங்க உன்னைவிடச் சின்னவங்கடே' என்று ஒரு வார்த்தை. திருத்தவில்லை. ஒருவேளை ஃபோனை வைத்த பிறகு திருத்தியிருப்பாள். அப்படித் திருத்தியிருந்தால் அவர்கள் இருவரும் சேர்ந்து இவன் வயசைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று ஆகும். எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான் இடித்தது. வெள்ளைத் தகட்டை மறுபடி முடுக்கிவிட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டினான். தடிச்சது மேல, சன்னம் சன்னமாகக் கீழ. முறுக்க முறுக்கக் கழுத்துக் கட்டை லேசாக முனகியது.

கடைசியாக மீந்திருந்தது ஒரே ஒரு வயர். கிடாரின் இடுப்பில் கேபிளைச் செருகுகிற ஜாக், அதன் உள்ளே அறுந்துகிடந்த ஒரு வயரைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. ஒரு நிமிஷ வேலை. அயர்னைத் தொட்டு, ஈயம் உருகி, புகை மூக்கில் ஏறினபோதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்று சொல்வது பொய், வியாழக்கிழமையிலிருந்தே அது ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது, இப்போது எழுந்து பக்கத்தில் வந்தது. சூடு போதாமல் வைத்தால் ஈயம் வயரைப் பிடித்த மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. கடையில் இதை 'டிரை' என்பார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் நன்றாகவே வேலை செய்யும். மேடையில் நின்று ஆடி அசைந்து, கேபிள் நாலு தடவை இழுபட்டால் விட்டுவிடும். எவனும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, பழைய கிடார், பரணில் கிடந்தது. மிக்ஸரில் உட்கார்ந்து இவன் சத்தத்தைக் குறைத்தால் ஊர் பார்க்கும். இது ஈயத்துக்கும் வயருக்கும் இடையில் உள்ள சமாச்சாரம். ரெஜி பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்து வாசிப்பான், பின்னால் தாங்கிக்கொண்டிருந்தது திடீரென்று இருக்காது, அவன் மட்டும் ஒற்றையாக, மொட்டையாக, எண்ணூறு பேருக்கு முன்னால். வாசி, இப்போது வாசி பார்ப்போம். தவசிங் அயர்னைச் சீக்கிரமே எடுத்தான். ஈயம் இறுகுகிற நேரத்தில் வயரை விரலால் ஒரு மயிரிழை அசைத்தான். பளபளவென்று நிற்கவேண்டிய ஈயம் சாம்பல் பூத்து மங்கி நின்றது. இந்தக் கையால் இப்படி ஒன்றை அவன் வைத்ததே இல்லை. ஜாக்கை உள்ளே தள்ளி ஸ்க்ரூவை முடுக்கி மூடினான். மூடின பிறகும் அந்தச் சாம்பல் நிறம் தகட்டுக்கு வெளியே தெரிகிற மாதிரி இருந்தது. சின்ன ஆம்பிளிஃபயரில் மாட்டிப் போட்டான். ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். கம்பிமேல் உள்ளங்கையை வைத்ததும் இரைச்சல் அடங்கிற்று, எடுத்தால் மறுபடி ம்ம்ம். எல்லா எலக்ட்ரிக் கிடாரும் இப்படித்தான், மனிதத் தோல் பட்டால் அடங்கும். யார் தோல் என்று அதற்குக் கணக்கில்லை. அவன் வைத்தால் அவனுக்கு அடங்கும், இவன் வைத்தால் இவனுக்கு. இவன் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று அவன் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளி, அப்புறம் வெங்காய வாடை வந்து உண்மையைச் சொன்னது. "முடிஞ்சிட்டா?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. புடவை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டே மேசைக்கு வந்தாள், கிடாரைத் தூக்கினாள், தூக்கின உடனே அவள் உடம்பு வேறு மாதிரி நின்றது, ஒரு இடுப்பு சாய்ந்து, ஒரு தோள் தாழ்ந்து. முதலில் தப்பாக வந்தது. விரலை உதறிக்கொண்டு "அம்மாடி, அறுக்கு," என்றாள். மறுபடி வைத்தாள். அப்புறம் வந்தது. பாட்டு என்று சொல்ல முடியாது, நாலைந்து பிடிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய், மறுபடி முதலுக்கு வந்து. தவசிங் முகத்தைத்தான் பார்த்தான். அந்தச் சிரிப்பு வருமா, ரெஜி அங்கே எங்காவது நிற்கிறானா என்று கண்ணுக்குள் தேடினான். அங்கே யாரும் இல்லை. ரெஜி இல்லை. இவனும் இல்லை. ஊசியில் நூல் கோக்கும்போது உதட்டை மடிப்பாளே, அப்படி மடித்துக்கொண்டு, ஒரு ஆளுக்குக்கூட இடமில்லாத ஒரு இடத்தில் தனியாக இருந்தாள். இதற்கு என்ன பண்ணுவது? ஒரு ஆளென்றால் அடிக்கலாம், அவன் கிடாரின் வயரைப் பிடுங்கலாம். அவள் வாசித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் நடந்தாள். கேபிள் தரையில் இழுபட்டு விறைத்தது. தவசிங் ஜாக்கையே பார்த்தான். ஈயம் பிடித்திருந்தது. திரும்பி நடந்தாள், கேபிள் மேசைக்காலில் சிக்கி ஒரு சுண்டு சுண்டியது, அப்போதும் பிடித்திருந்தது. எத்தனை நேரம் பிடிக்கும்? நாளைக்கு எந்தப் பாட்டில் விடும்? விட்டதும் கை ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் நின்றிருக்கும், இந்த முகம் விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்டு எங்கே பார்ப்பாள்? அதை அவன் இவ்வளவு நேரம் நினைத்தே பார்க்கவில்லை. ரெஜியைப் பார்க்கமாட்டாள். மேடையில் சத்தம் போனால் யாரும் பக்கத்தில் வாசிக்கிறவனைப் பார்ப்பதில்லை. பந்தல் மூலையில் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனைத்தான் பார்ப்பார்கள். எண்ணூறு பேருக்கு மேலாக நேராக இவனைப் பார்ப்பாள், 'அத்தான், என்னாச்சு, பாருங்க' என்று, நம்பி.

"நிறுத்து," என்றான்.

"என்ன?"

"ஜாக்குல ஒரு வயரு சரியாப் பிடிக்கல."

"கேக்க நல்லாத்தான இருக்கு?"

"இன்னைக்கு இருக்கும். நாளைக்கு விட்டுரும்."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

சூடு போதவில்லை, அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. "விடுற மாதிரிதான் வச்சேன்," என்றான்.

அவள் கம்பிமேல் கையை வைத்தபடி நின்றாள்.  "வேணும்னா?"

"வேணும்னுதான்."

"என்னத்துக்கு?"

அவன் குனிந்து ஆம்பிளிஃபயரை அணைத்தான்.  அவள் கிடாரை மேசையில் வைத்தாள், பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி வைக்கவில்லை, டப்பென்று வைத்தாள். "ரெஜியா?" என்றாள். "இருந்துச்சு. அவன் பஹ்ரைன் போறதுக்கு முந்தி, கொஞ்ச நாளு. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நீங்க கேட்டிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அவன் பொண்டாட்டி இன்னைக்கு என் பக்கத்துல உக்காந்துதான் வெங்காயம் உரிச்சா." மூச்சு விட்டுக்கொண்டாள். "கிடாரு அவன் தந்ததுன்னு நெனச்சீங்களாக்கும்? நான் டியூஷன் எடுத்து வாங்குனது. அவன் கையில ஒரு நாளும் கொடுத்ததில்ல, கேட்டுக் கேட்டுப் பாத்தான்."

இருந்துச்சு. இத்தனை நாள் இருட்டில் தடவித் தடவித் தேடினதைச் சட்டென்று அவள் எடுத்து வெளிச்சத்தில் வைத்துவிட்டாள், அது இவ்வளவுதான் இருந்தது. இவ்வளவாவது இருந்ததே என்று ஒரு பக்கம் எரிந்தது. இன்னொரு பக்கம், அவனிடமும் கொடுக்கவில்லை, தன்னிடம்தான் கொடுத்தாள், திருகாணி கழற்றி உள்ளே பார் என்று கொடுத்தாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. "இப்பம் சரி பண்ணித் தாரேன்," என்று ஜாக்கின் ஸ்க்ரூவில் கை வைத்தான்.

"அது மட்டும் இல்ல," என்றாள். "எல்லாத்தையும் திறங்க."

"மத்ததெல்லாம் நல்லாருக்கு வினோ."

"திறங்கங்கேன்."

அவள் உள்ளே போய் டார்ச் லைட்டை எடுத்துவந்தாள். அவன் புதுக் கம்பிகளைத் தளர்த்தி, வெள்ளைத் தகட்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தான். அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டுக் குனிந்தாள், தலை அவன் தலையில் முட்டுகிற அளவுக்கு. பன்னிரண்டு வருஷமாக இதே மேசையில் எத்தனையோ பிரித்துப் போட்டிருக்கிறான், காப்பியை வைத்துவிட்டுப் போய்விடுவாள், எட்டிக்கூடப் பார்த்தது கிடையாது.

"இது?"

"வால்யூம். நல்லாருக்கு."

அவள் அவன் சொன்னதை எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையால் வயரை நெம்பிப் பார்த்தாள். பிடித்திருந்தது.

"இது?"

"அது பிக்கப்புக்குப் போறது."

நெம்பினாள். கண் இமைக்காமல், டார்ச்சை ஒவ்வொரு ஈயப் பொட்டின்மேலும் நிறுத்தி, ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டு, நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சட்டைப்பைக்குள் கிடந்த நீலத் துண்டைத் தேய்த்தது இந்தப் பொறுமைதானோ? தன் முகத்தை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருக்கிறாளா என்று தவசிங்குக்கு அந்த ஈயப் பொட்டுகள்மேல் எரிச்சலாக வந்தது.

"அடுத்தது," என்றாள்.

அவன் காட்டினான்.